எந்தச் சொறி பட்டது? கடலோர ஊராட்சிகளுக்கும் ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஊராட்சித் தலைவர்களுக்கும், வார்டு உறுப்பினர்களுக்கும், கரையோர ஊர்களின் நாட்டார், பஞ்சாயத்தார் அனைவருக்கும் வணக்கம்.

நான் ஒரு கரைவலைக்காரரின் மகள். 31 ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் நடத்திவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். கடலில் நம் பிள்ளைகளுக்குச் சொறி பட்டால் என்ன செய்வது என்று நம் ஊர்களில் ஒரு முடிவு எடுங்கள் என்று கேட்பதற்காக இந்த மடலை எழுதுகிறேன். ஜெல்லி மீன், இழுது மீன் என்று புத்தகங்கள் எப்படி எழுதினாலும் கரையில் அதற்குப் பெயர் சொறிதான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில், என் தங்கையின் பேரன், ஏழு வயதுப் பையன், முழங்கால் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தவன் திடீரென்று அலறினான். தூக்கி வந்து மணலில் கிடத்திப் பார்த்தால், சாட்டையால் அடித்தாற்போல் தொடையில் நான்கைந்து சிவந்த கோடுகள். சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் மணலை அள்ளித் தேய்க்கச் சொன்னார். ஒருவர் மண்ணெண்ணெய் என்றார். பக்கத்து வீட்டம்மா பதறிப்போய்க் குடத்து நல்ல தண்ணீரை ஊற்றினார். ஒரு தம்பி கைப்பேசியில் தேடிப் பார்த்து, "வினிகர் ஊத்தணுமாம்" என்று சத்தமாகப் படித்தான்; அதை வாங்க வண்டியில் ஆள் போய் வர அரை மணி நேரம். மூத்திரம் பெய்தால் சரியாகிவிடும் என்று இன்னொருவர். கடைசியில் ஒரு சிகிச்சை மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து அழுத்தித் துடைத்தார்கள். அப்போது அந்தப் பிள்ளை போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அங்கிருந்த அத்தனை பேரும் அவன்மேல் உள்ள அக்கறையில்தான் ஓடினார்கள். ஆனால் பட்டது எந்தச் சொறி என்று ஒருவரும் கேட்கவில்லை. பாம்பு கடித்தால், "என்ன பாம்பு, பார்த்தாயா?" என்று முதலில் கேட்கிறவர்கள் நாம். சொறி விஷயத்தில் மட்டும் அந்தக் கேள்வி நமக்கு வருவதில்லை. உயிரியல் படித்த எனக்கும் அன்று அது வரவில்லை. அந்த வருத்தத்தில்தான் அடுத்த சில மாதங்கள் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

வேலியோரத்தில் முளைக்கும் காஞ்சொறியை எல்லோருக்கும் தெரியும். இலை பட்ட இடம் எரியும், தடிக்கும். இங்கிலீஷ்காரர்கள் தங்கள் ஊரில் அதே போல் எரிக்கும் ஒரு செடியின் பெயரைக் கடலில் கொட்டும் ஒரு வகைச் சொறிக்கும் வைத்தார்கள். கிரேக்கத்திலும் அந்தச் செடியின் பெயரிலிருந்துதான், ஹைட்ரா, பவளம், சொறி எல்லாம் சேர்ந்த நிடேரியா என்ற தொகுதிக்குப் பெயர் வந்தது. நம் மொழியிலோ செடியிலும் சொறி உண்டு, கடலிலும் சொறி உண்டு. பட்டவர்கள் எந்தக் கரையில் இருந்தாலும் ஒரே உவமைதான் தோன்றியிருக்கிறது. அதனால் அந்த வகையை நான் கடற்காஞ்சொறி என்று சொல்கிறேன்.

அதன் அறிவியல் பெயர் கிரைசாரா. 1810-இல் பெரோன், லெசூர் என்ற இரண்டு பிரெஞ்சு இயற்கையியலாளர்கள் வைத்த பெயர். குடை போன்ற உடல், விளிம்பிலிருந்து தொங்கும் நீண்ட நூல்கள், நடுவில் சுருள்சுருளான துணிபோல் நான்கு வாய்க்கைகள். கலிபோர்னியாவின் மான்டெரே வளைகுடாவில் பொன்னும் செம்பும் கலந்த நிறத்தில் ஒன்று. ஐரோப்பியக் கரையில், குடைமேல் பழுப்பு நிறத்தில் பதினாறு அம்புமுனைகள் வரைந்தாற்போல் ஒன்று. பார்ப்பதற்குத் திசைகாட்டி மாதிரி இருப்பதால் அதற்கு அந்தப் பெயரே உண்டு. பேரிங் கடலில் ஒன்று, பெரு, சிலி கரைகளில் ஒன்று, ஜப்பானில் ஒன்று, நமீபியாவில் ஒன்று. வங்காள விரிகுடாவிலும் இந்தக் குடும்பம் உண்டு. பெரும்பாலும் இவை பட்டு யாரும் சாவதில்லை. எரிச்சலும் தடிப்பும் சில மணி நேரமோ சில நாளோ இருந்து அடங்கும். ஆனால் பெட்டிச் சொறி என்ற இன்னொரு குடும்பம் இருக்கிறது. அதில் சில வகைகள் நிமிடக் கணக்கில் உயிரை எடுப்பவை. நீலக் குமிழியாக மிதந்து வரும் ஃபைசாலியாவோ உண்மையில் சொறியே இல்லை. பல சிற்றுயிர்கள் ஒன்றாகச் சேர்ந்து வாழும் ஒரு கூட்டம். பட்டவருக்கு எல்லாம் ஒரே எரிச்சல்போல்தான் தோன்றும். மருந்துதான் வேறுபடுகிறது.

ஏன் வேறுபடுகிறது என்பதை விளங்கிக்கொண்டால் அன்று நாங்கள் செய்த தவறுகள் ஒவ்வொன்றும் தானாகவே விளங்கும்.

சொறியின் நூல்களில் கண்ணுக்குத் தெரியாத கொட்டும் செல்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிறு குப்பி, குப்பிக்குள் சுருட்டி வைத்த ஊசிக்குழல், கூடவே நஞ்சு. தொட்டதும் குப்பி வெடித்து ஊசி பாயும். நம் பிள்ளைகள் பதிவேட்டில் படம் வரைகிறார்களே, அந்த ஹைட்ராவில் இதன் வேகத்தை 2006-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் அளந்தார்கள். 700 நானோ நொடி. ஒரு நொடியைப் பத்து லட்சம் பங்கு வைத்தால் அதில் ஒரு பங்குகூட ஆகாத நேரம். உயிருலகில் இதுவரை அளந்த அசைவுகளிலேயே மிக வேகமானவற்றில் இதுவும் ஒன்று.

இதில் கவனிக்க வேண்டியது, நூல் உடம்பில் பட்டதும் எல்லாக் குப்பிகளும் வெடித்துவிடுவதில்லை. ஒரு பகுதி மட்டுமே வெடிக்கும். மீதி, தோலில் ஒட்டிய நூலிலேயே காத்திருக்கும். சொறி செத்தாலும், நூல் அறுந்தாலும், காய்ந்தாலும்கூட அவை வேலை செய்யும். அப்பா காய்ந்த வலையை உதறும்போது, "எட்டப் போ புள்ளே" என்று எங்களை விரட்டுவார். மீறி நின்றால் கண்ணும் மூக்கும் எரிந்து தும்மல் வரும். வலையில் காய்ந்து கிடந்த சொறி நூல்தான் அந்தத் தூசி. அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. இதைக் கையாலும் கண்ணாலும் கற்றிருந்தார்.

ஆக, மணலைத் தேய்த்தால் காத்திருக்கும் குப்பிகளை நாமே நசுக்கி வெடிக்க வைக்கிறோம். நல்ல தண்ணீரை ஊற்றினால் உப்பின் அளவு சட்டென்று மாறி அவை வெடிக்கின்றன. ஸ்பிரிட்டும் பல வகைகளில் அதையே செய்கிறது. மூத்திரத்துக்கு எந்தப் பயனும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு முதல் வலியைச் சொறி கொடுத்தது. அடுத்த அரை மணி நேர வலியை நாங்கள் கொடுத்தோம்.

இனி வினிகர். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இணையத்தில் எல்லோரும் சொல்லும் மருந்து இதுதான். ஓர் ஊரில் உயிர்காக்கும் மருந்து இன்னோர் ஊரில் கெடுதலாவதும் இதில்தான்.

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் குயின்ஸ்லாந்து மாநிலம். 1955 ஜனவரியில் கார்ட்வெல் என்ற ஊரில் ஐந்து வயதுச் சிறுவன் ஆழமில்லாத தண்ணீரில் நின்றிருந்தபோது ஏதோ கொட்டி, சில நிமிடங்களில் இறந்துபோனான். அந்தக் கரையில் அப்படிப் பலர் இறந்திருக்கிறார்கள். எது கொன்றது என்று மட்டும் தெரியாமலே இருந்தது. ஹியூகோ ஃப்ளெக்கர் என்ற மருத்துவர், அந்த இடத்தைச் சுற்றி வலைபோட்டு அங்கே என்னென்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் பிடிக்கச் சொன்னார். சிக்கியவற்றில், அதுவரை யாரும் பெயரிடாத ஒரு பெட்டிச் சொறி இருந்தது. 1956-இல் ரொனால்டு சவுத்காட் அதற்குக் கைரோனெக்ஸ் ஃப்ளெக்கெரி என்று பெயர் வைத்தார். பெயர் கிடைத்த பிறகுதான் மற்றதெல்லாம் நடந்தது. 1970-இல் நச்சுமுறி மருந்து வந்தது. வினிகர் ஊற்றினால் அதன் வெடிக்காத குப்பிகள் செயலிழந்துவிடுகின்றன என்று 1980-இல் நிரூபித்தார்கள். இன்று அந்தக் கரைகளில் எச்சரிக்கைப் பலகைக்குப் பக்கத்திலேயே வினிகர்ப் போத்தல் இருக்கும். தாய்லாந்தின் சில தீவுகளிலும் அப்படி வைத்திருக்கிறார்கள்.

அதே குயின்ஸ்லாந்தில் இன்னொரு புதிர் இருந்தது. குளித்துவிட்டு வந்தவர்களுக்கு முதலில் லேசான கடிதான் தெரியும். அரை மணி நேரம் கழித்து முதுகிலும் வயிற்றிலும் தாங்க முடியாத வலி, வாந்தி, வியர்வை, ரத்த அழுத்தம் ஏறுவது. ஜாக் பார்ன்ஸ் என்ற மருத்துவர் ஆண்டுக்கணக்கில் தேடி, 1961-இல் கட்டைவிரல் நகம் அளவே குடையுள்ள ஒரு சின்னஞ்சிறு பெட்டிச் சொறியைப் பிடித்தார். அதுதான் காரணமா என்று உறுதி செய்ய, தன்மேலும், தன் ஒன்பது வயது மகன்மேலும், ஓர் உயிர்காப்பாளர்மேலும் அதைப் பட வைத்தார். மூவரும் மருத்துவமனைக்குப் போகும் நிலை வந்தது, மூவரும் பிழைத்தார்கள். பெற்ற பிள்ளைமேல் அப்படிச் செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் எது கொட்டியது என்ற கேள்விக்கு விடை தெரியாமல் மருத்துவம் ஓர் அடிகூட நகராது என்று அவர் எந்த அளவுக்கு நம்பினார் என்பது அதில் தெரிகிறது.

இப்போது கடற்காஞ்சொறிக்கு வருவோம். வினிகரை அதன் நூல்மேல் ஊற்றி ஆய்வகத்தில் பார்த்தபோது நேர்மாறாக நடந்தது. காத்திருந்த குப்பிகள் வெடித்தன. பெட்டிச் சொறியில் குப்பியைப் பூட்டும் அதே திரவம் காஞ்சொறியில் அதைத் திறந்துவிடுகிறது. அதனால்தான் அமெரிக்கக் கிழக்குக் கரையில் சமையல் சோடாவைக் கடல்நீரில் குழைத்துப் பூசச் சொல்லும் வழக்கம் வந்தது. நீலக் குமிழிக்கு வினிகர் கூடாது என்று ஆஸ்திரேலிய முதலுதவி விதிகள் சொல்கின்றன. ஊற்றலாம் என்று அண்மைக்கால ஆய்வு ஒன்று வாதிடுகிறது. அறிவுள்ளவர்களே இன்னும் பேசிக்கொண்டிருக்கும் விஷயத்தைக் கைப்பேசியில் ஒரே வரியாகப் படித்துவிட்டுக் கடைக்கு ஓடினோம் நாங்கள்.

அப்படியானால் இந்த வேறுபாட்டையெல்லாம் தாண்டி நம் கையில் ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது. வெந்நீர். சொறியின் நஞ்சு பெரும்பாலும் புரதங்களால் ஆனது. தாங்கக்கூடிய சூட்டிலேயே அவற்றில் பல வீரியம் இழக்கின்றன. 2006-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் நீலக் குமிழி பட்ட 96 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 45 டிகிரி செல்சியஸ் வெந்நீர், மறுபாதிக்கு ஐஸ் ஒத்தடம் கொடுத்தார்கள். 20 நிமிடம் கழித்து, வலி குறைந்தது என்று வெந்நீர்க்காரர்களில் 87 சதவீதம் பேர் சொன்னார்கள். ஐஸ் வைத்தவர்களில் 33 சதவீதம்தான். ஐஸ் கட்டியை எடுக்க ஓடும் நம் வழக்கத்தையும் நாம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

வெந்நீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். மீன் இறங்கும் கரைகளிலும், ஆட்கள் குளிக்க வரும் கரைகளிலும் பெரும்பாலும் ஒரு டீக்கடை இருக்கிறது. டீக்கடையில் பாய்லர் இருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்குப் படகு புறப்படும்போதே அது கொதித்துக்கொண்டிருக்கும். மூன்று குவளை கடல்நீருக்கு ஒரு குவளை பாய்லர் நீர் கலந்தால் ஏறக்குறைய 45 டிகிரிக்கு வந்துவிடும். ஒரு வாளி, ஒரு குவளை, மருந்துக் கடையிலோ ஆய்வகப் பொருள் விற்கும் கடையிலோ வாங்கும் ஒரு நீர் வெப்பமானி. இவ்வளவுதான் செலவு. சூட்டைச் சொறி படாத பெரியவர் ஒருவர் முதலில் தன் கையை வைத்துப் பார்க்க வேண்டும். வலியில் துடிக்கும் பிள்ளைக்குச் சூடு தெரியாது, கொப்பளித்துவிடும்.

இதற்கெல்லாம் ஊராட்சி எதற்கு, சொறியையே ஒழித்துவிட முடியாதா என்று சிலர் கேட்கக்கூடும். அமெரிக்கா அதை நினைத்துப் பார்த்தது. மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களுக்கு நடுவே செசபீக் என்று பெரிய விரிகுடா ஒன்று உண்டு. கோடை வந்தால் அதில் கடற்காஞ்சொறி நிறைந்துவிடும். மக்கள் தண்ணீரில் இறங்க அஞ்சுவார்கள். 1966-இல் லிண்டன் ஜான்சன் ஆட்சியில் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. அதன் பெயரே சொறிக் கட்டுப்பாட்டுச் சட்டம். கடற்காஞ்சொறி என்று சட்ட வாசகத்திலேயே இருக்கிறது. பணம் ஒதுக்கி ஆராய்ந்தார்கள். காஞ்சொறி போகவில்லை. காரணம் அதன் பிறப்பு முறையில் இருக்கிறது. நாம் பார்க்கும் குடை, அதன் வாழ்வின் ஒரு பாதி மட்டுமே. மறுபாதியில் அது மில்லிமீட்டர் கணக்கில் ஒரு சிறு மொட்டாகச் சிப்பி ஓட்டிலும் கட்டையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். காலம் கெட்டால் கூடுபோல் உறையிட்டு உறங்கும். நல்ல காலம் வந்தால் அடுக்கிய தட்டுகள்போல் பிரிந்து குட்டிக் குடைகளாக மிதக்கும். கண்ணில் படாத அந்த மொட்டுகளை விரிகுடா முழுக்கச் சுரண்டி எடுக்க யாரால் முடியும்?

எடுக்காததும் நல்லதாயிற்று. அந்தக் காஞ்சொறி, சீப்புச் சொறி என்ற இன்னோர் உயிரைத் தின்கிறது. சீப்புச் சொறியோ சிப்பிகளின் இளங்குஞ்சுகளைத் தின்பது. காஞ்சொறி இல்லாவிட்டால் அந்த விரிகுடாவின் சிப்பித் தொழிலுக்கு இன்னும் கேடு வந்திருக்கும் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். பங்குனி ஆமை என்று நாம் சொல்லும் சிற்றாமைக்கும் சொறி ஓர் இரை. கடலில் எதற்கும் ஒரு வேலை இருக்கிறது என்று அப்பா சொல்வார்.

ஒழிக்க முடியாது என்று தெரிந்த பிறகு அவர்கள் அறிந்துகொள்ளும் வழியில் போனார்கள். செசபீக் காஞ்சொறி 26 முதல் 30 டிகிரி வெப்பமும், கடலைவிட மிகக் குறைந்த ஓர் உப்பளவும் உள்ள நீரில்தான் திரள்கிறது. அந்த இரண்டையும் கணக்கிட்டு, இன்று எந்தப் பகுதியில் காஞ்சொறி இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று அந்நாட்டின் தேசியப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகம் வரைபடம் வெளியிட்டது. என் மகள் மேரிலாந்தில் இருக்கிறாள். பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகும் முன் மழை வருமா என்று பார்ப்பதுபோல் அதையும் பார்த்துவிட்டுத்தான் போவாளாம். இவ்வளவு ஆராய்ந்த அந்த விரிகுடாவிலேயே, 1848-இல் பெயரிட்ட ஓர் இனம் என்று எண்ணி வந்தது உண்மையில் இரண்டு இனங்கள் என்று 2017-இல்தான் தெரிந்தது. விரிகுடாவில் இருப்பதற்குச் செசபீக்கின் பெயரையே வைத்தார்கள். ஆகவே நமக்கு இன்னும் பெயர் தெரியவில்லை என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நமக்கும் தொடக்கம் இருந்தது. சென்னைக் கரையிலும் அதை ஒட்டிய கடலிலும் உள்ள சொறிகளைப் பற்றி மேனன் என்ற ஆய்வாளர் எழுதிய நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1930-இலேயே வெளியிட்டது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் குளிர்நீர் உள்வழியில் சொறிகள் திரண்டு வந்து அடைப்பதை அங்குள்ள ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அடைத்த வகைகளில் கடற்காஞ்சொறியும் உண்டு. பெட்டிச் சொறி வகைகளும் இந்தியக் கடலில் பதிவாகியிருக்கின்றன. மின் நிலையத்தின் குழாயில் எது வந்தது என்று எழுதி வைக்கிறார்கள். நம் பிள்ளையின் காலில் எது பட்டது என்றும் எழுதி வைக்க வேண்டும்.

எழுதி வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நமீபியா கரையில் 1960-களின் கடைசியில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் மத்தி பிடித்தார்கள். அளவு தெரியாமல் அள்ளியதில் மத்தி அழிந்தது. 2006-இல் வெளியான கணக்கெடுப்பின்படி அந்தக் கடலில் மீன் 36 லட்சம் டன். சொறி 122 லட்சம் டன். அதில் பெரும்பங்கு ஒரு கடற்காஞ்சொறியும் இன்னொரு வகையும். மத்தி தின்ற நுண்ணுயிரைத் தின்ன ஆளில்லாமல் போக, அந்த இடத்தில் சொறி வந்து உட்கார்ந்துகொண்டது. வலையில் மீனைவிடச் சொறி அதிகமாகிறது என்று நம் கரையில் யாராவது சொன்னால் அதைச் சோதிக்க ஓர் ஏடு வேண்டும். விசைப்படகு இழுக்கும் மடி வலை பற்றியும், இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டை மடி பற்றியும் நாம் நடத்தும் பேச்சுகளில் அந்த ஏடும் பேசட்டும்.

அதனால் உங்களிடம் நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. வரும் கிராம சபையில் இதை ஒரு பொருளாக வையுங்கள். ஊர்ப் பஞ்சாயத்திலும் ஒருமுறை பேசுங்கள். ஒவ்வொரு கரையிலும் ஒரு பலகை வேண்டும். நீண்ட நூல்களோடு மணி போன்ற குடை, நான்கு மூலையிலும் நூல் தொங்கும் பெட்டி, நீலக் குமிழி என்று மூன்று படங்கள் அதில் பெரிதாக இருக்கட்டும்; எழுத்து குறைவாக இருந்தாலும் போதும். தேய்க்காதே, நல்ல தண்ணீர் ஊற்றாதே, கடல்நீரால் அலசு, ஒட்டிய நூலை வெறுங்கையால் தொடாமல் இடுக்கியால் எடு, வெந்நீரில் 20 நிமிடம் வை. மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, வாந்தி வந்தாலோ, முகம் வீங்கினாலோ, தடிப்பு கை கால் முழுக்கப் பரவினாலோ உடனே 108. முன்பு ஒருமுறை பட்டவருக்கு இரண்டாம் முறை ஒவ்வாமையாகக் கடுமையாகலாம் என்பதையும் சேர்க்க வேண்டும். படம் பெட்டியோடு பொருந்தினால் மட்டும் வினிகர். அந்தப் போத்தலை உயிர்காப்பாளரோ டீக்கடைக்காரரோ பொறுப்பில் வைத்துக்கொள்ளட்டும். மூச்சு நின்றால் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க ஊருக்கு நான்கு இளைஞர்களுக்காவது பயிற்சி கொடுங்கள். கடலில் மூழ்குபவர்களுக்கும் அது உதவும்.

அடுத்தது ஏடு. தேதி, நேரம், எந்த இடம், என்ன காற்று, யாருக்கு எங்கே பட்டது, என்ன செய்தோம், எத்தனை நிமிடத்தில் வலி இறங்கியது. முடிந்தால் சொறியைத் தொடாமல் ஒரு படம். அந்தப் படங்களைப் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்துக்கோ, மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கோ, சென்னையில் உள்ள இந்திய விலங்கியல் அளவீட்டகத்தின் கடல் உயிரியல் மையத்துக்கோ ஊராட்சியின் பெயரில் கடிதத்தோடு அனுப்புங்கள். தனி ஆளாக நான் அனுப்புவதற்கும் ஓர் ஊரே முத்திரையிட்டு அனுப்புவதற்கும் வேறுபாடு உண்டு. காற்றை எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீலக் குமிழி தானாக நீந்துவதில்லை; பாய் விரித்த தோணிபோல் காற்று தள்ளும் பக்கம் வருவது. கிழக்கிலிருந்து கொண்டல் காற்று அடித்தால் எது கரையேறும் என்று நம் பெரியவர்களுக்குத் தெரியும். அந்த அறிவு இரண்டு கோடைக்கு ஏட்டில் ஏறினால், எந்தக் காற்றில் பிள்ளைகளைத் தண்ணீரில் விடக் கூடாது என்று நாமே சொல்லிவிடலாம்.

அடும்பங்கொடி பற்றியும் ஒரு வார்த்தை. நம் மணல்மேட்டில் படர்ந்து ஊதாப்பூ பூக்கும் அதே கொடிதான், சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்தில் பூத்த அடும்பு. சொறி பட்டால் அதன் இலையைக் கசக்கிப் பூசும் வழக்கம் தாய்லாந்திலும் உண்டு. அங்குள்ள ஆய்வாளர் ஒருவர் அதன் சாறு சொறி நஞ்சை எதிர்ப்பதாக 1970-இல் நேச்சர் இதழில் எழுதினார். வெந்நீருக்குப் பிறகு தடிப்பின்மேல் பூசிப் பார்ப்பவர்கள் அதையும் ஏட்டில் எழுதட்டும். கசக்கி அழுத்தித் தேய்ப்பது மட்டும் வேண்டாம். கரையை அழகுபடுத்துகிறோம் என்று அந்தக் கொடியை வேரோடு பிடுங்குவதையும் நிறுத்துங்கள் என்று இந்த இடத்தில் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் ஊரில் யாரையும் கேட்காமல் சிறிதாகத் தொடங்கிவிட்டோம். டீக்கடை அண்ணன் ஒரு சிவப்பு வாளியைப் பாய்லருக்குப் பக்கத்தில் தனியாகத் தொங்கவிட்டிருக்கிறார். வேறு எதற்கும் அதை எடுக்க விடுவதில்லை. என் பழைய மாணவி ஒருத்தி மூன்று சொறிகளையும் அட்டையில் வரைந்து கொடுத்தாள். மழை பட்டால் அந்த அட்டை போய்விடும். தகரப் பலகைக்குத்தான் உங்களிடம் வந்திருக்கிறேன். கடை மேசை இழுப்பறையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. அதன் முதல் பதிவை அப்படியே கீழே தருகிறேன். எழுதியவர் நண்டு வலைக்குப் போகும் ஒரு தம்பி.

"காலை 6.20. கொண்டல் காத்து. முகத்துவாரத்துக்கு வடக்கே. நீலக் குமிழி, படம் எடுத்தாச்சு. வலது கணுக்கால். தேய்க்கல. கடத்தண்ணி ஊத்தி, நூலு ரெண்டு எடுத்தோம். வாளியில 20 நிமிசம். வலி பாதிக்கு மேல கொறஞ்சிருச்சு. டீ குடிச்சிட்டு வீட்டுக்கு நடந்தே போனாரு."

இப்படிக்கு,
நாகை மாவட்டக் கரையோர ஊர் ஒன்றிலிருந்து,
உங்கள் பழைய உயிரியல் டீச்சர்